பிள்ளை வெளிநாட்டில், கார் நங்கநல்லூரில்

நங்கநல்லூரிலோ மேற்கு மாம்பலத்திலோ அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள். பிள்ளை டல்லாஸில், இல்லை பெண் சிங்கப்பூரில். வீட்டில் நிற்கிற கார் பன்னிரண்டு வருடம் ஓடிக் களைத்துவிட்டது. புதுசு வாங்கித் தரலாம் என்று பேச்சு எழும்போதே, "இங்கேயே நல்ல வண்டியாக வாங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டால் என்ன?" என்ற யோசனையும் கூடவே வரும். ஐரோப்பியக் கம்பெனிகள் சில, அமெரிக்க வாடிக்கையாளருக்குத் தொழிற்சாலை வாசலிலேயே சாவியைக் கொடுத்து, ஊர் சுற்றவிட்டு, பிறகு வண்டியைக் கப்பலில் வீட்டுக்கு அனுப்பிய திட்டங்களைக் கேள்விப்பட்டு வந்த ஆசை அது.

இந்தியாவுக்கு அது ஒத்துவராது. வெளிநாட்டில் பதிவு செய்துவிட்ட கார், ஒரே நாள் ஓடியிருந்தாலும் நம் இறக்குமதி விதிப்படி பழைய கார்தான். பழைய காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், தயாராகி மூன்று வருடம் தாண்டக் கூடாது, மும்பைத் துறைமுகத்தில் மட்டுமே இறக்க வேண்டும். அமெரிக்க வண்டியும் துபாய் வண்டியும் ஸ்டியரிங்கிலேயே அடிபட்டுப் போகும். சிங்கப்பூர் வண்டி தப்பித்தாலும், சுங்க வரி மட்டுமே வண்டி விலையைத் தாண்டிவிடும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ என்று ஊரைச் சுற்றிக் கார் செய்துகொண்டிருக்கும்போது இந்தப் பாடு தேவையில்லை.

எனவே கார் சென்னையிலேயே வாங்குவதுதான். பணம் மட்டும் அங்கிருந்து வரட்டும். பெயர், கையெழுத்து, போன் நம்பர் மூன்றும் சென்னையில் இருப்பவருடையதாக இருக்கட்டும். பிற்பாடு வருகிற சிக்கல்களில் பெரும்பாலானவை இதை மாற்றிச் செய்ததால் வருபவை.

யார் பெயரில்?

பணம் போட்டவன் பெயரில் ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) இருக்க வேண்டும் என்று அப்பாவே சொல்வார். பெருமைக்குச் சரி; நடைமுறைக்கு வேண்டாம். உரிமை மாற்றம், முகவரி மாற்றம் எல்லாவற்றுக்கும் ஆர்.சி.யில் பதிந்த மொபைலுக்கு ஓடிபி வரும். போக்குவரத்துப் போலீஸ் அபராதச் செய்தியும் அதே நம்பருக்குத்தான். வெளிநாட்டில் அணைத்து வைத்திருக்கும் இந்திய சிம்முக்கு அது போய்க் கிடந்தால் யாருக்குத் தெரியும்? வண்டி திருட்டுப் போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி படிவம் 28, 29, 30 மூன்றிலும் உரிமையாளர் கையெழுத்துக் கேட்கும். விற்கும்போதும் 29, 30 வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பாலிசியோடு கட்டாயமாக வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, ஆர்.சி.யில் பெயர் இருக்கிற, செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கிற உரிமையாளருக்கு மட்டும்தான். மகன் பெயரில் வண்டி, அப்பா ஓட்டுகிறார் என்றால் அந்தக் காப்பு அப்பாவுக்குக் கிடையாது. பிரீமியம் மட்டும் போகும். அப்பாவின் பழைய காரில் சேர்ந்திருக்கும் நோ கிளைம் போனஸும் (கிளைம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) அப்படியே. அது காரைச் சேர்ந்ததல்ல, ஆளைச் சேர்ந்தது. ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் 50 சதவீதம் வைத்திருப்பவர், தன் பெயரில் வாங்கும் புது காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம். மகன் பெயரில் வாங்கினால் அதை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்பாவுக்கு வயதாகிவிட்டதே, நாளைக்கு ஏதாவது ஆனால் என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. 2021 முதல் ஆர்.சி.யில் நாமினி பெயரைச் சேர்க்கலாம். பதிவு செய்யும்போதே அம்மாவின் பெயரையோ உள்ளூர்ப் பிள்ளையின் பெயரையோ போட்டுவிடுங்கள். பிற்பாடு படிவம் 31-ஐ வைத்து ஆர்.சி.யைப் பெயர் மாற்றும்போது வாரிசுச் சான்றிதழ் அலைச்சல் பெரிதும் குறையும்.

புக்கிங்குக்கு முன்னால் அப்பாவின் லைசென்ஸை எடுத்துத் தேதியைப் பாருங்கள். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து வருடம்தான் செல்லும். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். எழுபது வயதில் ஆர்டிஓ மைதானத்தில் பரீட்சை வைத்தால் வீட்டில் கலவரம்தான். படிவம் 1ஏ மருத்துவச் சான்றிதழோடு முன்கூட்டியே புதுப்பித்துவிடுவது நல்லது.

பணத்தை மகன் அப்பாவின் கணக்குக்கு அனுப்பி, அங்கிருந்து டீலர் கம்பெனியின் கணக்குக்கு ஆர்டிஜிஎஸ். பிள்ளை பெற்றோருக்குக் கொடுக்கும் பணத்துக்கு வாங்குகிறவர் வரி கட்ட வேண்டியதில்லை. மகன் கணக்கிலிருந்து நேராகப் போனாலும் பாவமில்லை, ஆனால் பில்லில் ஒரு பெயர், பணம் வந்தது வேறு பெயர் என்று ஷோரூம் கடிதம் கேட்கும். விற்பனையாளரின் சொந்த யுபிஐ நம்பருக்கு நூறு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

அம்மா ஏறி இறங்கிப் பார்க்கட்டும்

வெளிநாட்டிலிருந்து யூடியூப் பார்த்து மாடலை முடிவு செய்வதில் வருகிற கோளாறு இது. அதில் வருபவர்கள் முப்பது வயதுக்காரர்கள். முழங்கால் வலிக்கிற அம்மா புடவை கட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறுவதை யாரும் காட்டுவதில்லை. ஷோரூமுக்கு அம்மாவையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள். சீட் உயரம் இடுப்பு மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் அப்படியே உட்கார்ந்து திரும்பிக்கொள்ளலாம். தாழ்வான செடானில் விழுவதுபோல் உட்கார வேண்டும், எழுந்திருக்கக் கை கொடுக்க ஆள் வேண்டும். உயரமான எஸ்யூவியில் வாசல்படி உயரம் புடவைக் கொசுவத்தை இழுக்கும். பின்கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, ஏறும்போது பிடித்துக்கொள்ள மேலே கைப்பிடி இருக்கிறதா, இறங்கும்போது புடவை ஓரம் வாசல்படி அழுக்கில் தோய்கிறதா என்று பாருங்கள். ஐந்து முறை ஏறி இறங்கினால் பதில் தெரிந்துவிடும்.

கியர் ஆட்டோமேட்டிக் என்றே வைத்துக்கொள்வோம். வடபழனி சிக்னலில் கிளட்ச் மிதித்தது போதும். சாதாரண கியர்பாக்ஸையே தானாக மாற வைக்கும் ஏஎம்டி மலிவு, ஆனால் கியர் மாறும்போது ஒரு தயக்கம் வரும், அடித்தளப் பார்க்கிங் சரிவில் அது தலையை ஆட்டும். வயதானவர்களுக்கு டார்க் கன்வெர்ட்டர், சிவிடி என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகள்தான் சுகம். நாற்பது வருடம் கிளட்ச் மிதித்த இடது கால் சும்மா இருக்காது, பிரேக்கைக் கிளட்ச் என்று நினைத்து அமுக்கும். முதல் வாரம் ஆளில்லாத லேஅவுட் சாலையில், இடது காலை சீட்டுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு பழக வேண்டும்.

வீட்டு கேட்டின் அகலம், ஸ்டில்ட் பார்க்கிங்கில் இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி இரண்டையும் டேப் வைத்து அளந்துகொண்டு, கண்ணாடியோடு சேர்த்த காரின் அகலத்தைக் கேளுங்கள். கையேட்டில் பெரிய எழுத்தில் இருப்பது கண்ணாடி இல்லாத அகலம்.

கொட்டேஷனில் இரண்டு பள்ளங்கள்

தமிழ்நாட்டில் ஆயுள் வரி 2023 நவம்பரில் ஏறியது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 15, அதற்கு மேல் 20. மேலே தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் அந்த விகிதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 9,95,000 ரூபாய் காருக்கு வரி 1,29,350. 10,05,000 என்றால் 1,50,750. பத்தாயிரம் விலை ஏற, வரி 21,400 ஏறுகிறது. 10 லட்சம் தாண்டினால் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) வேறு. 20 லட்சத்தில் பள்ளம் இன்னும் ஆழம்: 19.90 லட்சத்துக்கு 2,98,500, 20.10 லட்சத்துக்கு 4,02,000. கறுப்புக் கூரை போட்ட இரட்டை வண்ணம் வேண்டும் என்பதற்காக இந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கூரையின் உண்மையான விலை லட்சத்துக்கு மேல்.

டிசிஎஸ் செலவல்ல, பில்லில் உள்ள பான் நம்பருக்கு வரவாகும். ஆனால் வருமானம் குறைவு என்று அப்பா ரிட்டர்ன் போடாமல் விட்டால் அது அரசாங்கத்திடமே தங்கிவிடும். கார் வாங்கிய வருடம் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும்.

பதிவுக் கட்டணம் 600 ரூபாய், கடன் இருந்தால் அதை ஆர்.சி.யில் குறிக்கும் ஹைப்பாதிகேஷனுக்கு 1,500. இவற்றோடு "ஹேண்ட்லிங்", "லாஜிஸ்டிக்ஸ்" என்று ஒரு வரி ஏழெட்டாயிரத்துக்கு நின்றால் அடிக்கச் சொல்லுங்கள். வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டிலிருந்து ஷோரூமுக்கு வண்டி கொண்டுவருவது அவர்கள் வேலை. மேட், மட்ஃப்ளாப், சீட் கவர் சேர்த்த ஆக்சசரி பேக் கட்டாயம் என்பதும் கதை.

பில் போடும் முன் வண்டியைப் பார்

தூரத்திலிருந்து வாங்குகிறவர்கள் சறுக்குகிற முக்கியமான இடம் இது. உங்களுக்கென்று ஒரு வண்டியை அதன் சேஸி நம்பரோடு (வண்டியின் அடையாள எண்) ஒதுக்கியதும் யார்டில் போய் வண்டியைப் பார்க்க வேண்டும். பிறகு மீதிப் பணம், பில், இன்ஷூரன்ஸ், பதிவு, நம்பர் பிளேட், டெலிவரி. மாதக் கடைசியில் விற்பனையாளர் இதைத் தலைகீழாக்குவார்: "சார், இன்னிக்கு பில் போட்டுடலாம், ஆஃபர் முடியுது, வண்டிய நாளைக்குப் பாருங்க." பில்லும் பதிவும் ஆன பிறகு கதவில் கீறல் இருந்தால் பாலிஷ் போட்டுத் தருவார்கள், வண்டியை மாற்றித் தர மாட்டார்கள். பில் போடாத வண்டி என்றால் "வேறு சேஸி கொடுங்கள்" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். புக்கிங் அன்றே, "யார்டில் பார்த்த பிறகே பில்" என்று மெயிலில் எழுதி, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போகிறவர் மச்சானோ நண்பரோ, காரைக் கொஞ்சம் அறிந்தவராக இருக்கட்டும். காலை வெயிலில் போகட்டும், கழுவி உலர்ந்த வண்டியாக வேண்டும். நனைந்த வண்டியில் கீறல் தெரியாது. வீடியோ காலில் மகனும் இருக்கலாம், ஆனால் போன் கேமரா பெயிண்ட் குறையைக் காட்டாது. முடிவு நேரில் நிற்பவருடையது.

சேஸி நம்பர் 17 எழுத்து. வண்டியில் பொறித்தது, தகட்டில் இருப்பது, கம்பெனி தரும் தகுதிச் சான்றான படிவம் 22-ல் இருப்பது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிகளில் பத்தாவது எழுத்து வருடம்: எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. மாதம் படிவம் 22-லேயே இருக்கும். ஜனவரியில் வாங்கும் கார் போன வருடத் தயாரிப்பாக இருந்தால் தள்ளுபடி அதற்கேற்ப இருக்க வேண்டும். விற்கும்போது ஒரு வருடம் கூடுதலாகத்தான் கணக்கிடுவார்கள். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம். ஐந்து டயரிலும் பாருங்கள். ஸ்டெப்னி மட்டும் சிறிய அளவாக இருப்பது இப்போது பல மாடலில் சகஜம், அதைக் குறை என்று சண்டை போட வேண்டாம்.

பெயிண்ட்டை நேராகப் பார்க்காமல், போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பம்பர் மூலை, கதவின் கீழ் விளிம்பு, முக்கியமாகக் கூரை. கூரையை யாரும் பார்ப்பதில்லை. ஒரு ஸ்டூல் கேட்டு ஏறிப் பாருங்கள். கதவு ரப்பரில் வண்டி நிறத் துளி ஒட்டியிருந்தால் மறுபெயிண்ட். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உதிர்ந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். லாரியிலிருந்து இறக்கும்போது இடித்துக்கொள்வது உண்டு, சரிசெய்து புதுசாக நிறுத்திவிடுவார்கள்.

சென்னையில் இன்னொரு சோதனை கட்டாயம். டிசம்பர் மழையில் தாழ்வான யார்டுகளில் தண்ணீர் நிற்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சுருளுக்குள் கிடந்த அடிப்பகுதியில் காப்பிக் கறைபோல் ஒரு கோடு தெரிந்தால் அந்த வண்டி தண்ணீர் பார்த்திருக்கிறது. வெளியே எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் வால் காட்டிக்கொடுத்துவிடும். சீட் ஓடும் தண்டவாளத்துக்கடியில் துரு, ஸ்டெப்னிக் குழியில் வண்டல், கார்ப்பெட்டுக்கடியில் ஈரம், ஹெட்லைட்டுக்குள் பனிமூட்டம் இவற்றையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வாதம் வேண்டாம், வேறு வண்டி கேளுங்கள்.

ஏசியைப் பதினைந்து நிமிடம், வண்டி நின்றபடி, வெயிலில் ஓட்டிப் பாருங்கள். நான்கு ஜன்னல், பின் கேமரா, யுஎஸ்பி எல்லாவற்றையும் ஒரு சுற்று. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் 12 வோல்ட் பேட்டரி தளர்ந்திருக்கும். இன்ஜின் போடும் முன் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் புது பேட்டரி கேட்கலாம். ஜாக்கி, ஸ்பேனர், இழுக்கும் கொக்கி, இரண்டு சாவி எல்லாம் இருக்கிறதா என்பதும் அன்றே.

இன்ஷூரன்ஸும் வெள்ளமும்

2018 செப்டம்பர் முதல் புது காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பு (நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது) கட்டாயம். 2022 அறிவிப்பின்படி அதன் கட்டணம் 1000 சிசி வரை 6,521, 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இது எந்தக் கம்பெனியிலும் ஒன்றே. பேரம் பேச இருப்பது சொந்தச் சேதப் பகுதியிலும் ஆட்-ஆன் என்ற கூடுதல் காப்பிலும்தான். ஷோரூம் பாலிசியையே எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியில் இரண்டு கொட்டேஷன் வாங்கிக் காட்டினால் அவர்களே இறங்கி வருவார்கள்.

பாகங்களின் விலையில் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் போடுங்கள். சென்னையில் அதைவிட முக்கியம் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் காற்று வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளச் சேதம் சாதாரண பாலிசியிலேயே வரும். ஆனால் ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் போனது "பின்விளைவு" என்று தள்ளிவிடுவார்கள். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நிற்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அப்பாவிடம் சொல்ல வேண்டியது ஒன்றே: சக்கரத்தில் பாதி மூழ்கியிருந்தால் தண்ணீர் வடிந்த பிறகும் சாவியைத் தொடக் கூடாது, இழுவை வண்டிக்குப் போன் செய்ய வேண்டும். பாலிசி நம்பரையும் அந்தப் போன் நம்பரையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வைக்கலாம். டாஷ்போர்டு டிராயருக்குள் வைத்தால் அதுவும் தண்ணீருக்குள்தான் இருக்கும்.

பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் தேதியும் மணியும் போட்ட டெலிவரி நோட் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். பெயர் மாறும்வரை அபராதம், விபத்து எல்லாம் அப்பா தலையில்தான். நோ கிளைம் போனஸ் கடிதத்தையும் விற்ற ஆதாரத்தைக் காட்டிப் பழைய கம்பெனியிடம் வாங்கிவிடுங்கள். மூன்று வருடம் வரை செல்லும்.

டெலிவரிக்குப் பிறகு

டேங்க்கில் பெயருக்குத்தான் பெட்ரோல் இருக்கும், முதல் நிறுத்தம் பங்க். இரண்டாவது பிள்ளையார் கோயில். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவதால் ஒன்றுமில்லை. பானெட்டில் வைத்த மஞ்சள், சந்தனத்தை மட்டும் அன்று மாலையே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் வெள்ளை வண்டியில் கறை நிற்கும். சூடத்தட்டைப் பானெட்டின் மேல் வைக்க வேண்டாம்.

ஃபாஸ்டாக் ஷோரூமிலேயே ஒட்டித் தருவார்கள், ஆனால் சேஸி நம்பரில் பதிந்திருக்கும். நிரந்தர நம்பர் வந்ததும் அதை மாற்றிப் பதிய வேண்டும், அதுவும் அப்பாவின் மொபைலில். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான 200 பயண வருடாந்திர பாஸ், சேஸி நம்பரில் இருக்கும் டேகுக்குக் கிடைக்காது. அந்த பாஸ் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளுக்கு மட்டும். திருச்சிக்குப் போக உதவும். ஈசிஆரில் மாமல்லபுரம் போக உதவாது, அங்கே டேகில் தனியாகப் பணம் இருக்க வேண்டும்.